மாட்டுச் சங்கிலி கட்டிய இன்ஜின்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கிடக்கிற பட்டறைக்குள், 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு இரும்பு ஒன்று உருண்டு எங்கோ முட்டி நிற்கிற சத்தம். பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றிக் கொடுக்கிற எங்கள் தொழிலில் ஆண்கள் கையால் வேலை செய்கிறார்கள், வீட்டுப் பெண்கள் காதால் வேலை செய்கிறார்கள். பட்டறைக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எந்தச் சத்தம் நல்ல சத்தம், எந்தச் சத்தம் கெட்ட சத்தம் என்பது உங்களுக்கும் தெரியும்.

தர்மபுரிக்கு வெளியே சேலம் ரோட்டில், ஒரே கூரைக்குக் கீழ் பாதி வீடு, பாதி பட்டறை. நடுவில் ஒரு கதவு. பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். வாய் தன்பாட்டுக்கு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தது. நெற்றியில் குங்குமம் வைத்தாலும், பயம் வந்தால் கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லிக் கொடுத்ததுதான் முதலில் வருகிறது. உள்ளே திருடனும் இல்லை, பெருச்சாளியும் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த இன்ஜின் மவுண்டிங் ஒன்று இரண்டாகப் பிரிந்து, பாதி கீழே கிடந்தது.

மவுண்டிங் என்பது இன்ஜினை வண்டியின் சட்டத்தில் உட்கார வைக்கிற தாங்கி. மேலே ஒரு தகடு, கீழே கால் மாதிரி ஓர் இரும்பு, இரண்டுக்கும் நடுவில் ஒட்டிய கெட்டி ரப்பர். இன்ஜினின் கனமும் உதறலும் எல்லாம் அந்த ரப்பரின் தலையில்தான். இப்போது மேல்தகடு மட்டும் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. இரும்பை ரப்பர் விட்டுவிட்டது. தொட்டுப் பார்த்தேன், வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி விரலில் ஒட்டியது. இதோடு கூடப் பிறந்த இன்னொரு செட் நேற்று ஒரு நீல வேனில் ஏறியிருக்கிறது. அந்த வேன் இன்று சாயங்காலம் மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய்க்குப் போயிருக்கிறது. ஓட்டிக்கொண்டு போனவர் என் கணவர்.

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு எதிர் டீக்கடைக்கு ஓடினேன். சேலம் போகிற லாரி ஒன்று நின்றிருந்தது. நீல வேனைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள், கணவாய்க்குள் இறங்க வேண்டாமென்று சொல்லுங்கள் என்று டிரைவரிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். அந்த நல்ல மனுஷர் பொய் சொல்லி என்னைத் தேற்றவில்லை. "வழியில பாத்தா கண்டிப்பா சொல்றேம்மா. உள்ள எறங்கியிருந்தா மட்டும், கைகாட்டி நிறுத்தறதுக்கு அங்க எடமே கெடையாதுங்க."

பாப்பா தூங்கிவிட்டாள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் பேனாவைக் கொடுத்திருக்கிறேன்.

அட்டைப்பெட்டியில் வந்த கால்கள்

பெட்ரோல் விலை ஏறினதும் எங்களுக்குத் தொழில் ஏறியது. ஜீப், டாக்ஸி, வேன் என்று எல்லோரும் டீசல் இன்ஜின் போடச் சொல்லி வந்து நின்றார்கள். வண்டி ஒரு ஜாதி, இன்ஜின் ஒரு ஜாதி. இரண்டையும் சேர்த்து வைக்கிற கல்யாணத் தரகர் வேலைதான் மவுண்டிங். ஆரம்பத்தில் எங்கள் பிட்டர் நஞ்சப்பாதான் அதைச் செய்வார். வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், வெல்டிங் வைக்கும்போது மட்டும் மௌனம். இரும்புப் பட்டையை அறுத்து, வளைத்து, சட்டத்தோடு ஒட்டி, நடுவில் பழைய லாரி டயரை வெட்டி வைப்பார். ஒரு வண்டிக்கு வைத்தது இன்னொரு வண்டிக்கு ஆகாது. வேலை இழுத்துக்கொண்டே போகும்.

மெட்ராஸில் ரெடிமேடாகவே கிடைக்கிறது என்று என் கணவர் கேள்விப்பட்டு வந்தார். இன்ன வண்டிக்கு இன்ன இன்ஜின் என்றால் இன்ன நம்பர் என்று இங்கிலீஷில் ஒரு புத்தகம். நம்பர் பார்ப்பதும் லெட்டர் போடுவதும் என் வேலையாயிற்று. பட்டறையில் எனக்கு இங்கிலீசம்மா என்று பெயரும் வந்தது. பார்சல் மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வரும். என் கணவர் போய் எடுத்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வருவார். முதல் பெட்டியைத் திறந்த அன்று நஞ்சப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து மோந்துகூடப் பார்த்தார். ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிற ஓட்டையிலேயே உட்காருமாம், வெல்டிங்கே வேண்டாமாம் என்று நான் படித்துச் சொன்னேன். அவர் தன் சட்டைக் கையை நீட்டிக் காட்டினார். "சந்தையில ரெடிமேட் சட்டை வாங்கனா எனக்கே ஒரு கை நீளமா தொங்குது, இங்கிலீசம்மா. இவன் யார அளவெடுத்து இதத் தெச்சான்?"

நான்கு ஓட்டையும் பொருந்தியது

நஞ்சப்பா வாய் முகூர்த்தம், முதல் வண்டியே சோதித்தது. கடத்தூரில் நிலம் நீச்சுள்ள ஒரு கவுண்டரின் ஜீப். ரெடிமேட் கால்கள் ஓட்டைக்கு ஓட்டை அப்படியே உட்கார்ந்தன. என் கணவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வண்டி எடுக்கக் கவுண்டர் வீட்டம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா தலை நிறையக் கனகாம்பரத்தோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டார்ட் செய்து, என் கணவர் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினார். அவ்வளவுதான், கரகரவென்று அரைகிற சத்தம். இன்ஜின் முன்பக்கமாக உட்கார்ந்துவிட்டதால் அதன் காற்றாடி ரேடியேட்டரைச் சீவிவிட்டது. தண்ணீர் ரோடுவரை ஓடியது.

நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். இரண்டு காலையும் முன்பின்னாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். எப்படித் திருப்பினாலும் ஓட்டை பொருந்தும், ஆனால் ஒரு பக்கம் வைத்தால்தான் இன்ஜின் பின்னால் தள்ளி உட்காரும். படத்தில் அம்பு போட்டே காட்டியிருந்தது. ஓட்டை பொருந்திவிட்டதே என்ற சந்தோஷத்தில் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. நஞ்சப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியேட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். ஆனால் அவர் முதுகு சிரித்தது. கவுண்டர் வீட்டம்மா சீட்டை விட்டு இறங்காமலே சொன்னார்: "காலெல்லாம் நல்லாத்தான் ஒக்காந்துச்சுங்க. மூக்குல தண்ணி ஒழுகுதே, அதுக்கும் அந்த அட்டைப்பெட்டில எதாச்சும் வந்திருக்கான்னு பாருங்க."

தொப்பூர் போய் வந்தால்தான் வண்டி

இந்த ஜீப்பால் வந்த வினைதான் கணவாய் ஓட்டம். மூக்கு ஒழுகின கதை ஊரெல்லாம் பரவி, அதற்கப்புறம் வந்தவர்கள் யாரும் பட்டறை வாசலில் வண்டியை வாங்கிக்கொள்வதில்லை. பாரம் ஏற்றி, தொப்பூர் கணவாயில் இறங்கி, திரும்ப ஏறி வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் ஸ்டியரிங்கில் என் கணவர் இருக்க வேண்டும். வளைவும் இறக்கமுமாக எத்தனை லாரிகள் உருண்ட இடம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சமதரையில் சாதுவாக இருக்கிற மவுண்டிங் அந்த ஏற்றத்தில்தான் தன் குணத்தைக் காட்டும். இன்ஜின் முக்கி இழுக்கும்போது ஒரு பக்கமாகத் திமிறும். அதைப் பிடித்து வைக்க வேண்டியது நான் நம்பர் பார்த்து வரவழைத்த அந்த ரப்பர்த் துண்டு.

அவர் கணவாய்க்குப் போகிற நாளில் நான் துணி துவைப்பேன். துவைத்ததையே திரும்பத் துவைப்பேன். பாப்பா பிறந்த பிறகு அவள் ஜட்டிகளெல்லாம் கணவாய் ஓட்டத்தில்தான் வெளுத்தன. ஒருமுறை இப்படித்தான், நல்லம்பள்ளிப் பக்கத்து வெற்றிலை வியாபாரி ஒருவர் ஏறப் போகும்போது மனசு கேளாமல் கேட்டுவிட்டேன்: வண்டி உங்களுடையது, நீங்களே ஓட்டிப் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ரொம்பப் பொறுமையாக விளக்கினார்: "உங்க வூட்டுக்காரரு ஒக்காந்தா, புள்ளகுட்டிக்காரரு, சரியில்லாத வண்டியில ஒக்கார மாட்டாருன்னு ஒரு தைரியங்க. வண்டிய நம்பியா நான் எறங்கறேன்?"

பாப்பாரப்பட்டி டாக்ஸி

அதுவரை என் பயத்துக்கு உருவம் இல்லை. பாப்பாரப்பட்டி டாக்ஸிதான் உருவம் கொடுத்தது. நாங்கள் டீசல் போட்டுக் கொடுத்து, கணவாயும் ஏறி, மாதக்கணக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. புகைக் குழாய் பக்கத்திலேயே போனதால் வலது பக்க ரப்பர் வெந்து வெந்து ஒருநாள் அறுந்துவிட்டது. டிரைவர் அழுத்தினதும் இன்ஜின் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டது. தூக்கின இன்ஜின் தன்னோடு ஆக்ஸிலேட்டர்க் கம்பியையும் இழுத்தது. கம்பி இழுக்க இழுக்க வேகம் கூடும், வேகம் கூடக் கூட இன்ஜின் இன்னும் தூக்கும். கால் எடுத்தாலும் வண்டி நிற்காது. சந்தை நாளில் கடைத்தெரு வழியாக அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது.

இங்கேதான் டீசலுக்கு மாறினவர்கள் மட்டும் செய்கிற தப்பு ஒன்று நடந்தது. பெட்ரோல் வண்டியைச் சாவி திருப்பினால் நிறுத்திவிடலாம். டீசல் அப்படி நிற்காது. அதற்கென்று ஒரு குமிழ் இருக்கிறது, அதைப் பிடித்து இழுக்க வேண்டும். டிரைவர் அவசரத்தில் பழைய ஞாபகமாகச் சாவியைத் திருப்பி, நிற்காமல் போகவே பிடுங்கி, கையில் வைத்துக்கொண்டு கத்தியிருக்கிறார். கடலைக்கொடிப் போர் ஒன்று குறுக்கே இருந்ததால் வண்டி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் போனபோதும் அவர் தலையெல்லாம் கடலைச் சருகோடு, சாவியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சாவி என் கையிலதாங்க இருக்குது. வண்டி யாரு சொல்லி ஓடுச்சுன்னு எனக்குத் தெரியலீங்க."

சந்தையில் வாங்கிய சங்கிலி

அன்றிரவே என் கணவரிடம் சொன்னேன்: ரப்பர் அறுந்தாலும் இன்ஜின் தூக்காமல் இருக்க ஏதாவது கட்டுங்கள், இல்லாவிட்டால் நான் கணவாய்க்கு விடமாட்டேன். கயிறா கட்டச் சொல்கிறாய் என்று சிரித்தார். கயிறு வெந்துவிடும், சங்கிலி கட்டுங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அடுத்த சந்தைக்குப் பாப்பாவோடு பஸ் ஏறிப் போய், மாட்டுக்குக் கட்டுகிற சங்கிலி விற்கிறவரிடம் நின்றேன். கொம்புக் கயிறு, சலங்கை, மூக்கணாங்கயிறு எல்லாவற்றுக்கும் நடுவில் கண்ணி கெட்டியான சங்கிலியாகத் தேடினேன். மாடு சாதுவா, முட்டுமா என்று கேட்டார். உதறும் என்றேன். எத்தனை பல்லு என்று வயசு கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல் டீசல் என்று சொல்லிவிட்டேன். அவர் பாப்பாவை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, இருப்பதிலேயே கனமானதை எடுத்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் இன்ஜினிலிருந்து சட்டத்துக்கு, கொஞ்சம் தொய்வு விட்டு ஒரு சுற்று. மவுண்டிங் நன்றாக இருக்கும்வரை சங்கிலிக்கு வேலையில்லை. சும்மா தொங்கிக்கொண்டு சலசலக்கும். அந்தச் சலசலப்பு எனக்குச் சங்கீதம், வண்டிக்காரர்களுக்கு அவமானம். நஞ்சப்பா அதற்குப் பயந்தாங்கொள்ளிச் சங்கிலி என்று பெயர் வைத்தார். வண்டி எடுக்க வருகிறவர்கள் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத் தேடுவார்கள். பென்னாகரம் ரோட்டு ரைஸ்மில்காரர் ஒருவர் தம் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, முகத்தை ரொம்ப மரியாதையாக வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஏங்க, ராத்திரி அவுத்துவுட்டா இன்ஜின் மேயப் போயிருங்களா?"

(ரோட்டில் ஏதோ வண்டி. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மூங்கில் லாரி. நிற்காமல் போய்விட்டது. டீக்கடையிலும் விளக்கை இறக்கிவிட்டார்கள்.)

பூஜைக்குப் பளபளப்பு

இப்போது அந்த வெல்லப்பாகு ரப்பருக்கு வருகிறேன். எழுதும்போதே விரலை முந்தானையில் துடைத்துக்கொள்கிறேன். ஆயுத பூஜை என்றால் எங்கள் பட்டறையில் இரும்பு ஒன்றும் அழுக்காக இருக்கக் கூடாது. ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல், உதிரிச் சாமான் எல்லாவற்றையும் டீசல் தொட்டியில் ஊறப் போட்டு, மறுநாள் காலை துடைத்துப் பளபளவென்று அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். போன பூஜைக்கு இரண்டு செட் மவுண்டிங் கைவசம் இருந்தது. நஞ்சப்பா அதையும் தூக்கித் தொட்டியில் போட்டார்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில், எண்ணெயும் டீசலும் ரப்பரில் படக்கூடாது என்று அச்சடித்திருந்தது. பெட்டியையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு ராத்திரிதானே, துடைத்துவிடலாம், சாமி முன்னால் அதை மட்டும் எப்படி அழுக்காக வைப்பது என்றார் என் கணவர். மறுநாள் ரப்பரின் கறுப்பு கொஞ்சம் மங்கித் தெரிந்தது. அதற்கென்ன என்று மேலே ஒரு பூச்சு கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள். பிறகு புதுசைவிடப் புதுசாக இருந்தது. அன்றைக்கு நஞ்சப்பா சொன்னது எனக்கே நியாயமாகத்தான் பட்டது. "டீசல் இன்ஜினத் தாங்கறதுக்குன்னே பொறந்தது இது. டீசல் பட்டா கரைஞ்சிருமா, இங்கிலீசம்மா?"

நீல வேன்

நீல வேன் அப்துல் பாயுடையது. தர்மபுரி கடைவீதியில் புளி மண்டி வைத்திருக்கிறார். பெட்ரோலுக்குக் கொடுத்துக் கட்டுபடியாகவில்லை என்று வந்தார். வாரத்தில் புளி மூட்டை, முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம். முதல் கூட்டமே அவர் மகள் கல்யாணத்துக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டார்தான். அதனால் ஒவ்வொரு நட்டையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூஜைக்குப் பளபளத்த செட்டில் ஒன்று நேற்று அவர் வண்டிக்கு ஏறியது. எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் சங்கிலியும் கட்டுகிறார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்று மூட்டை ஏற்றி ஸ்டார்ட் செய்ததும் சங்கிலி சலசலத்தது. பாய் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். நான் உள்ளே பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. "கல்யாண வண்டிங்க இது. மாட்டு வண்டி வருதுன்னு சம்பந்தி வெளிய வந்து பாத்தாருன்னா எனக்கு என்னங்க மரியாதி?" என்றார் பாய். கழற்றிவிடுகிறேன் என்று என் கணவர் வண்டிக்கு அடியில் போனார். போகாதீர்கள், கழற்றாதீர்கள் என்று நான் வாசலுக்கு வருவதற்குள் பாப்பா சோப்பு நுரையோடு நழுவப் பார்த்தாள். அவளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால், பாயையும் ஏற்றிக்கொண்டு வேன் ரோடு ஏறிக்கொண்டிருந்தது. சலசலப்பு இல்லை. இன்ஜின் சத்தத்துக்கு மேலே என் கணவர் கத்திச் சொன்னதுதான் கேட்டது, நான் அவரிடம் கேட்ட கடைசி வார்த்தையும் அதுதான்: "கழட்டியாச்சு பாய். இப்பக் கேளுங்க, சத்தம் வருதா?"

மூடியைத் தூக்கியபோது

மேலே எழுதியதை எழுதி முடித்து, பேனாவுக்கு மூடி போடாமலே வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். எப்போதும் இருட்டுவதற்கு முன்பே தாழ்ப்பாள் போடுகிறவள், இன்று கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் கழித்து, நல்லம்பள்ளிப் பக்கமிருந்து ஒரு டீசல் சத்தம். நொண்டிக்கொண்டு வருகிற சத்தம். சலசலப்பு இல்லை. மரியே, மரியே என்று எழுந்து நின்றேன். மாட்டு வண்டி வேகத்தில் நீல வேன் பட்டறை வாசலுக்கு வந்து, ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. என் கணவர் இறங்கினார். சட்டையெல்லாம் கரி. பாயும் இறங்கினார். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்ததைச் சரி செய்யக்கூடத் தோன்றாமல் நின்றார். வழியில் ஒரு லாரிக்காரர் நிறுத்தி, வூட்ல அந்தம்மா கைப்புள்ளையோட ரோட்ல நிக்குது, சீக்கிரம் போங்க என்றாராம். அதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டிருந்தது.

அரிக்கேனைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். என் கணவர் வண்டி மூடியைத் தூக்கி அரிக்கேனைக் காட்டினார். வலது பக்கம் ரப்பர் இரும்பை விட்டு நழுவி, இன்ஜின் ஒரு சாய்வில் நின்றது. கீழே அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு, விறைத்துப் போய், கறுப்பாக ஏதோ. தொட்டுப் பார்த்தேன். பழைய சைக்கிள் டியூப். டியூப்புக்குள் சங்கிலி. "கழட்டத்தான் எறங்கினேன்," என்றார். "கழட்டினா ராத்திரி நீ தூங்க மாட்ட. என்னையும் தூங்க வுட மாட்ட. அதான் சத்தம் வராம டியூப்பச் சுத்தி வுட்டேன்." கணவாயில் ஏறி வரும்போது கடைசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் 'டப்' என்று இன்ஜின் எகிறியிருக்கிறது. சங்கிலி அதற்கு மேல் விடவில்லை. குமிழை இழுத்து நிறுத்திவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, மூச்சு வாங்கி, பிறகு ஆக்ஸிலேட்டரில் கால் பட்டும் படாமலும் வைத்து ஓட்டி வந்திருக்கிறார்.

பாய் இவ்வளவு நேரமும் அந்த டியூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து வேறு மவுண்டிங் வந்தால்தான் வண்டியைத் தொடுவது, அதுவரை மூட்டை இங்கேயே இருக்கட்டும் என்று பேசி முடித்து, வீட்டுக்கு நடக்கத் திரும்பினவர், நின்று என்னைப் பார்த்துச் சொன்னார்: "கழட்டிட்டேன்னு எங்கிட்டப் பொய் சொல்லிட்டாரும்மா உங்க வூட்டுக்காரரு. எம்பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் இதே பொய்யச் சொல்லிட்டு இருக்கச் சொல்லுங்க."

அவர் போன பிறகு பட்டறைக் கதவைச் சாத்தினோம். என் கணவர் கையைக் கழுவிவிட்டு, தூளிக்குப் பக்கத்தில் சட்டையோடு படுத்துத் தூங்கிவிட்டார். நான் ஆணியில் மிச்சமிருந்த மவுண்டிங் தகட்டைக் கழற்றி, காலையில் நஞ்சப்பா கண்ணில் முதலில் படுகிற மாதிரி வெல்டிங் மேஜையின்மேல் வைத்துவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்: கடையில் ரெடிமேடாக வாங்கி, அளவு பார்க்காமல் மாட்டி, இன்றுவரை கைவிடாமல் இருக்கிற ஒரே சாமான் இந்தத் தாழ்ப்பாள்தான், அடுத்த ஆயுத பூஜைக்கு இதன் பக்கம் மட்டும் ஒருவரையும் டீசலோடு வர விடப்போவதில்லை.